இதய அழற்சிக்கு எதிர்ப்பு சக்தி பவுடரா?

மறுபடியும் ஒரு பவுடர் டப்பா. மறுபரிசோதனைக்கு வந்த இளைஞர் அதை என் மேஜையில் வைக்கிறார், 'நோய் எதிர்ப்பு சக்தியைப் பெருக்கும்' என்று கொட்டை எழுத்தில். வயது 26. மயோகார்டைட்டிஸ், அதாவது இதயத் தசை அழற்சி. அதிலும் ஆட்டோ இம்யூன் வகை, அதாவது எதிர்ப்பு சக்தியே சொந்த உடலைத் தாக்குவது; பயாப்சி (தசைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் சோதனை) எடுத்து உறுதி செய்தது. ஸ்டீராய்டை மூன்று வாரமாகத் தொடவில்லையாம். "அது எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரையாமே டாக்டர், சக்தி இல்லாமத்தானே இந்த நோயே வந்துச்சு?" மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. இந்த வருடம் இவர் மூன்றாவது ஆள்.

சரி, இன்னொரு தடவை சொல்கிறேன். எதிர்ப்பு சக்தி என்ன தொட்டித் தண்ணீரா, குறைந்தால் ஊற்றி நிரப்ப? அதில் அடிக்கும் செல்லும் உண்டு, அடித்தது போதும் என்று கையைப் பிடிக்கும் செல்லும் உண்டு. கையைப் பிடிப்பவற்றில் முக்கியமானது ரெகுலேட்டரி டி செல் (டி செல் என்பது ரத்த வெள்ளை அணுவில் ஒரு வகை). 1995ல் ஷிமோன் சகாகுச்சி அடையாளம் காட்டியது. 2025ல்தான் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் வந்தது.

டி செல்கள் நெஞ்சில் இருக்கும் தைமஸ் சுரப்பியில் பழகும்போது, நம் சொந்தப் புரதத்தைப் பார்த்து எகிறுபவை அங்கேயே கழிக்கப்படும். இதயத் தசையின் ஆல்ஃபா மயோசின் என்ற புரதம் அந்தப் பாடத்தில் சரியாக இடம்பெறுவதில்லை. அதனால் அதைத் தாக்கக்கூடிய செல்கள் ஆரோக்கியமானவர்கள் ரத்தத்திலும் உலாவுகின்றன, ரெகுலேட்டரி செல்கள் அடக்கி வைத்திருப்பதால் சும்மா இருக்கின்றன. வைரஸ் வந்து தசை சிதைந்து மயோசின் வெளியே கொட்டும்போது சிலருக்கு அந்தப் பிடி நழுவிவிடுகிறது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் செக்பாயின்ட் இன்ஹிபிட்டர் மருந்துகள் இந்த மாதிரி பிரேக்கைத்தான் வேண்டுமென்றே விடுவிக்கின்றன, அரிதாக ஒருசிலருக்கு அது இதயத்தையே தாக்கிவிடுகிறது. 'பெருக்கினால்' என்ன ஆகும் என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டுமா?

அதற்காக அழற்சியே கூடாது என்றும் இல்லை, செத்த தசையை மேக்ரோஃபேஜ்கள் (குப்பை தின்னும் எதிர்ப்பு செல்கள்) தின்று சுத்தம் செய்யாமல் காயம் ஆறாது. எல்லா மயோகார்டைட்டிஸுக்கும் ஸ்டீராய்டும் கிடையாது; வைரஸால் வருவது பெரும்பாலும் தானாகவே அடங்கும். ஆகவே, அடுத்தவர் சீட்டைக் காட்டி அதே மாத்திரை கேட்காதீர்கள்.

வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் என்றால் வாயுத் தொல்லை என்று உட்கார்ந்திருக்காமல் ஈசிஜியும், இதயத் தசை சேதத்தைக் காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடுங்கள். மயோகார்டைட்டிஸ் என்று தெரிந்த பிறகு, டாக்டர் சொல்லும்வரை, பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம், ஜிம் பக்கமே போகாதீர்கள். ஆறாத தசை திடீரென்று துடிப்பு தப்பி உயிரையே எடுக்கும். வலி மாத்திரையும் கேட்டுவிட்டுத்தான். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எடுக்கும்போது காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வாருங்கள்.

அப்புறம் ஸ்டீராய்டு. பல வாரம் எடுத்தபின் பட்டென்று நிறுத்தினால், உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும், மாத்திரையால் தூங்கிப்போன அட்ரினல் சுரப்பி உடனே எழுந்திருக்காது, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். மாத்திரை பயமாக இருந்தால் வந்து என்னோடு சண்டை போடுங்கள், அளவைக் குறைக்க முடியுமா என்று பார்க்கலாம். நீங்களாக மட்டும் நிறுத்தாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.