ரிசீவர்: அந்தக் கைப்பிடிக்குத் தமிழில் என்ன பெயர்?

பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் ஆபீஸுக்குப் போன மாசம் மேசை போன் ஒன்று மாட்டிக் கொடுத்தேன். கட்சிக்காரர்கள் வருஷக்கணக்காகக் கூப்பிட்டுப் பழகிய லேண்ட்லைன் நம்பர் அது, அதை விட அவர்களுக்கு மனசில்லை. மாட்டி முடித்ததும், புதுசாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று ஒரு தாளில் தமிழிலேயே குறிப்பு எழுதிச் சுவரில் ஒட்டினேன். "மணி அடித்ததும் ஒலிவாங்கியை எடுத்துக் காதில் வைக்கவும்" என்பது அதில் முதல் வரி. மறுநாள் மூத்த குமாஸ்தா கூப்பிட்டுக் கேட்டார்: "அண்ணாச்சி, மைக்கை எதுக்குக் காதுல வைக்கச் சொல்லுதீய?"

அவர் கேட்டது முழுக்கச் சரி. ரிசீவர் என்றால் வாங்குவது, அதனால் ஒலிவாங்கி என்று வார்த்தைக்கு வார்த்தை போட்டுவிட்டேன். ஆனால் தமிழில் ஒலிவாங்கி என்ற சொல் ஏற்கெனவே மைக்குக்குப் போய்விட்டது, மேடையில் பேசுகிறவர் முன்னால் நிற்பதுதான் ஒலிவாங்கி. ஆக, காதில் வைக்க வேண்டிய முனைக்கு வாயில் வைக்க வேண்டிய முனையின் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு மொழியிலும் "வாங்குவது" என்றுதானே பெயர், பிறகு எப்படி எதிரெதிராக ஆனது? எதை வாங்குகிறது என்று பாருங்கள், விளங்கிவிடும். ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர் கம்பியின் பக்கம் நின்று பார்த்திருக்கிறார். கம்பி வழியாக வரும் மின்சாரத்தை வாங்கி ஒலியாகக் கொடுப்பது எதுவோ அது ரிசீவர். தமிழில் பெயர் வைத்தவர் ஒலியின் பக்கம் நின்று பார்த்திருக்கிறார். நம் குரலை வாங்கி மின்சாரமாகக் கம்பியில் விடுவது எதுவோ அது ஒலிவாங்கி. இரண்டும் தப்பில்லாத பெயர்கள், நிற்கிற இடம்தான் வேறு.

ரிசீவ் என்ற வினைக்கு வேர் லத்தீன், 'திரும்ப' என்ற முன்னொட்டும் 'எடு, பிடி' என்று பொருள்படும் வினையும் சேர்ந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ரிசீவர் முதலில் ஒரு ஆளைத்தான் குறித்தது, அதாவது பணத்தையோ பொருளையோ வாங்கி வைத்துக்கொள்கிற ஆள். அந்தப் பழைய பொருள் கோர்ட்டில் இன்றும் நடமாடுகிறது. வழக்கில் கிடக்கும் சொத்தைப் பார்த்துக்கொள்ள, 1908-ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 40-ஆவது கட்டளைப்படி கோர்ட் நியமிக்கிற ஆளுக்கும் ரிசீவர் என்றுதான் பெயர். பாளையங்கோட்டை கோர்ட் பக்கம் போய் "ரிசீவரை எடுங்க" என்றால் ஒரு அர்த்தம், "ரிசீவரைப் பாருங்க" என்றால் வேறு அர்த்தம்.

அப்புறம், போனில் அந்தச் சொல் எப்படி வந்து ஒட்டியது என்பது இன்னும் சுவையான கதை. கிரகாம் பெல்லுக்கு 1876 மார்ச் 7-ஆம் தேதி காப்புரிமை கிடைத்தது. ஆரம்பத்தில் வந்த அவருடைய போன்களில் பேசுவதற்கும் கேட்பதற்கும் ஒரே வாய்தான், பேசிவிட்டு அதையே காதுக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு எடிசனும் வேறு சிலரும் கரி வைத்த மைக்கைக் கொண்டுவந்ததும் வேலை இரண்டாகப் பிரிந்தது. பேசும் பகுதி சுவரில் மாட்டிய பெட்டியிலேயே நின்றுவிட, கேட்கும் பகுதி மட்டும் தனியாக ஒரு ஒயரில் கொக்கியில் தொங்கியது, அதற்குப் பெயர் ரிசீவர், அந்தக் காலத்துக்கு அது கச்சிதமான பெயர். காதுக்கு ஒன்றும் வாய்க்கு ஒன்றும் ஒரே கைப்பிடியில் சேர்ந்துவந்தது அதற்குப் பின்னால்தான். பொருள் மாறியும் பெயர் மாறவில்லை, பாதிக்குரிய பெயரை முழுசுக்கும் வைத்துக்கொண்டோம். கைப்பிடி முழுவதையும் குறிக்க ஹேண்ட்செட் என்று ஆங்கிலத்தில் தனிச் சொல் உண்டு, ஆனால் நம் ஊரில் ஹேண்ட்செட் என்றால் கடைக்காரர் செல்போனைத்தான் எடுத்துக் காட்டுவார்.

ஒரு கைப்பிடிக்குள் இரண்டு கருவி இருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், சுருள் ஒயரின் முனையில் இருக்கும் குட்டி பின்னைப் பாருங்கள். அதில் நாலு கம்பி இருக்கும், இரண்டு காதுக்கு, இரண்டு வாய்க்கு. சுவரிலிருந்து போனுக்கு வருகிற லைன் ஒயரிலோ வேலை செய்வது இரண்டே கம்பி. போகிற குரலும் வருகிற குரலும் அந்த இரண்டிலேயே ஓடுகின்றன, அவற்றைப் பிரித்துக் கொடுப்பது போனின் அடிப்பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட். சுருள் ஒயரின் பின் சிறியது, லைன் ஒயரின் பின் கொஞ்சம் அகலம். இதை மட்டும் மனசில் வைத்தால் மாட்டும்போது குழப்பமே வராது: சிறியது கைப்பிடிக்கும் பெட்டியின் பக்கவாட்டுக்கும், அகலமானது பெட்டியின் பின்னால் 'லைன்' என்று போட்ட துளைக்கும் சுவரில் உள்ள டப்பாவுக்கும். அந்தச் சுவர் டப்பாவை லைன்மேன்கள் ரோசெட் என்பார்கள். 'டக்'கென்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும்.

இது செம்புக் கம்பி லைன் என்றால் தனியாகக் கரண்ட் வேண்டாம். எக்ஸ்சேஞ்சிலிருந்தே சுமார் 48 வோல்ட் வருகிறது, மணி அடிக்கும்போது அதைவிட அதிகமாக வரும், அதனால் திறந்த ஒயரில் கை வைக்காதீர்கள். ஃபைபர் லைன் என்றால் போனின் ஒயரை மோடத்தின் பின்னால் 'போன்' என்று போட்ட துளையில் மாட்ட வேண்டும். கரண்ட் போனால் மோடம் நிற்கும், போனும் நிற்கும், யு.பி.எஸ்ஸில் மாட்டிவிடுவது நல்லது.

மாட்டியாயிற்றா, இப்போது கைப்பிடியை எடுத்தால் டயல் டோன் கேட்க வேண்டும். ஏதாவது ஒரு எண்ணை அமுக்குங்கள், டோன் நின்றுவிடும். உடனே வாய்ப்பக்கம் மெல்ல ஊதிப் பாருங்கள், காதுப்பக்கம் அந்த ஊதல் லேசாகக் கேட்கும். கேட்டால் இரண்டு கருவியும் வேலை செய்கின்றன. டோன் நன்றாக வந்தும் ஊதல் கேட்காவிட்டால், "அவங்க பேசுறது கேக்கு, நாம பேசுறது போகல" என்று சொல்வார்களே, அந்தக் கோளாறு. முக்கால்வாசி நேரம் சுருள் ஒயரில்தான் இருக்கும், புது ஒயர் போட்டாலே சரியாகிவிடும்.

சரி, தமிழ்ப் பெயருக்கு வருவோம். டெலிபோன் என்பது கிரேக்கத்தில் 'தொலைவு' என்ற சொல்லும் 'குரல்' என்ற சொல்லும் சேர்ந்தது. தமிழில் தொலைக்குரல் என்று போடாமல் தொலைபேசி என்று போட்டார்களே, அங்கேதான் தமிழின் அழகு இருக்கிறது. மண்வெட்டி, பாக்குவெட்டி, தேங்காய்த் துருவி எல்லாம் எப்படியோ அப்படி, பேசு என்ற வினையோடு ஒரு 'இ' சேர்ந்தால் கருவியின் பெயர் ஆகிவிடுகிறது. அதே 'இ' செய்கிறவனையும் குறிக்கும், செய்யப்படுவதையும் குறிக்கும். சினத்தைச் "சேர்ந்தாரைக் கொல்லி" என்கிறது குறள், அங்கே அது கொல்வது. "ஊருணி" என்கிறது, அங்கே அது ஊரால் உண்ணப்படுவது. ஒரே எழுத்தில் இவ்வளவு வேலை நடக்கிறது. பேசி என்ற அந்தத் துண்டு இன்று தனியாகவே உயிர் பெற்று, கைபேசி, அலைபேசி, திறன்பேசி என்று பிள்ளைகள் பெற்றுவிட்டது.

இந்த வழியில் போனால் காதுப்பக்கத்துக்குக் கேட்பி என்று சொல்லலாம்தான். ஆனால் தனியாகச் சொன்னால் யாருக்கும் புரியாது, மறுபடி விளக்கம் எழுத வேண்டிவரும். முழுசுக்கும் சேர்த்துக் கைப்பிடி என்பதே போதும் என்பது என் முடிவு. மேசை போனில் கையால் பிடிப்பது அது ஒன்றுதான். பகுதியைச் சொல்ல வேண்டிய இடத்தில் காதுப்பக்கம், வாய்ப்பக்கம். ஒலிவாங்கி மைக்குக்கே இருக்கட்டும்.

கைப்பிடியை வைக்கிற பள்ளத்தை ஆங்கிலத்தில் தொட்டில் என்று பொருள்படும்படி சொல்கிறார்கள். நமக்குத் தாங்கி என்ற சொல் இருக்கிறது. தலைச்சுமையோடு நடந்து போனவர்கள் இறக்கி வைத்து இளைப்பாற நம் பக்கத்துச் சாலையோரங்களில் நட்டிருந்த சுமைதாங்கிக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள், அதே தாங்கிதான். கைப்பிடி இதில் சரியாக உட்காராமல் ஒரு ஓரம் தூக்கி நின்றால் உள்ளே இருக்கும் சுவிட்ச் அமுங்காது, கூப்பிடுகிறவர்களுக்கு நாள் முழுக்க 'பிஸி' என்றே வரும்.

வினைச்சொற்களில் நமக்குக் குறையே இல்லை. கொக்கியில் தொங்கிய காலத்து நினைவாக ஆங்கிலத்தில் இன்னும் 'தொங்கவிடு' என்கிறார்கள். நாம் போனை எடு, போனை வை என்கிறோம், இதைவிடத் தெளிவு வேண்டாம். டயல் என்ற சொல்லுக்கு லத்தீனில் 'நாள்' என்ற சொல் மூலம், வெயில் கடிகாரத்தின் முகத்துக்கு வந்து, அங்கிருந்து போனின் வட்டத்துக்கு வந்தது. அந்த வட்டத்தைப் பார்த்து நம்மவர்கள் "நம்பரைச் சுத்து" என்றார்கள். 0-வைச் சுற்றினால் பத்துத் துடிப்பு போகும், வட்டம் திரும்பி வர மற்ற எண்களைவிட நேரம் எடுக்கும். இப்போது பட்டன், அதனால் "நம்பரைப் போடு", "அமுக்கு". பெட்டியின் அடியில் டோன், பல்ஸ் என்று சின்ன சுவிட்ச் இருந்தால் டோனில் வையுங்கள், பல்ஸ் என்பது அந்தச் சுற்றும் காலத்து முறை.

0 பற்றி ஒரு வார்த்தை. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்குப் போட முன்னால் 0 சேர்க்க வேண்டும். சில ஆபீஸ்களில் வெளி லைன் எடுக்கவே 0 அமுக்க வேண்டியிருக்கும், அங்கே 0 இரண்டு தடவை வரும். வெளியூர்க் கட்சிக்காரரிடம் ஆபீஸ் நம்பரைச் சொல்லும்போது திருநெல்வேலிக் கோடு 0462-ஐச் சேர்த்துச் சொல்லுங்கள், தென்காசிக்கு 04633.

பழைய தாளைக் கிழித்துவிட்டு, குமாஸ்தாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வேறு தாள் எழுதினேன். "மணி அடித்தால் கைப்பிடியை எடுத்துப் பேசவும். சார் அறைக்கு மாற்ற ஃப்ளாஷ் அமுக்கி, அறை எண்ணைப் போட்டு, அவர் எடுத்ததும் வைக்கவும். பேசி முடித்தால் கைப்பிடியைத் தாங்கியில் நேராக வைக்கவும்." ஃப்ளாஷுக்கும் தமிழ் போடலாமா என்று கேட்டேன். பட்டன் மேல் எழுதியிருக்கிறதைத்தான் பிள்ளைகள் தேடுவார்கள், அது அப்படியே இருக்கட்டும் என்றார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.