விண்டேஜ் போஸ்டர்: சொல்லும் பொருளும்

‘விண்டேஜ் ஜூ போஸ்டர்’ என்று இணையக் கடைகளில் தேடினால் படங்கள் வந்து குவியும். ஒரு பனிக்கரடி, ஒரு யானை, ஒற்றைக் கொக்கு. பக்கத்தில் பருத்த எழுத்தில் மிருகக்காட்சிசாலைக்கு வரச்சொல்லி ஓர் அழைப்பு. அவற்றில் பல, 1930களிலும் 40களின் தொடக்கத்திலும் அமெரிக்க அரசு கூலி கொடுத்து வரையவைத்த சுவரொட்டிகளின் நகல்கள். மூலத்துக்கும் நகலுக்கும் ஒரே பெயர் வைத்து விற்பதால் ‘விண்டேஜ்’ என்ற சொல்லுக்கு இருந்த பொருள் தேய்ந்துவருகிறது. தமிழில் எழுதுபவர்களோ அதைப் ‘பழங்காலப் போஸ்டர்’ ஆக்கிவிடுகிறார்கள். இரண்டும் சரியில்லை என்பது என் கருத்து.

விண்டேஜ் திராட்சைத் தோட்டத்தில் பிறந்த சொல். இலத்தீனில் ‘வீனும்’ என்றால் திராட்சை மது, ‘தேமேரே’ என்றால் எடுத்தல். இரண்டும் சேர்ந்து ‘விந்தேமியா’, அதாவது திராட்சை அறுவடை. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ஒவ்வோர் ஆண்டு விளைச்சலும் மழை, வெயிலைப் பொறுத்து மாறும். அதனால் மது எந்த ஆண்டின் திராட்சையில் செய்தது என்பதைக் குறிக்க இச்சொல் பயன்பட்டது. கார்களுக்கு வந்தபோதும் அந்தக் கறார்த்தன்மை போகவில்லை. பிரிட்டனில் ‘விண்டேஜ் கார்’ என்றால் 1919க்கும் 1930க்கும் இடையே செய்யப்பட்ட வண்டி. 1935இல் செய்த வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பட்டியலில் சேராது. ஆக, இச்சொல்லின் உயிர் ‘பழசு’ என்பதில் இல்லை, ‘இன்ன காலத்தில் உண்டானது’ என்பதில் இருக்கிறது. போன மாதம் அச்சடித்த நகலுக்கு இந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்?

பெயர் பொருந்தும் தாள்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெருமந்தம் என்ற பொருளாதார நெருக்கடி அமெரிக்காவை முடக்கிப்போட்டிருந்த 1935இல், அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பணி முன்னேற்ற நிர்வாகம் என்ற அமைப்பை உருவாக்கினார். டபிள்யூ.பி.ஏ. என்ற மூன்றெழுத்துப் பெயர் அதனுடையதுதான். வேலையில்லாதவர்களுக்குச் சும்மா உதவித்தொகை கொடுக்காமல் வேலையும் கூலியும் கொடுப்பது நோக்கம். சாலை, பாலம், பள்ளிக்கூடம் கட்டியதோடு நிற்காமல் எழுத்தாளர், நாடகக்காரர், இசைக்கலைஞர், ஓவியர் என்று எல்லாரையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். மற்றவர்களைப் போல கலைஞர்களும் சாப்பிட்டாக வேண்டுமே என்று அதன் தலைவர் ஹாரி ஹாப்கின்ஸ் வெளிப்படையாகவே சொன்னார். ஓவியர்களுக்கான பிரிவு கூட்டாட்சிக் கலைத் திட்டம். இயக்குநர் ஹோல்கர் கேஹில். நியூயார்க்கில் ஓவியர்களுக்கு வாரக் கூலி சுமார் 23, 24 டாலர். 1943இல் திட்டம் மூடப்படும் வரை பல மாநிலங்களில் சுவரொட்டிப் பட்டறைகள் இயங்கின. காசநோய்ப் பரிசோதனை, நாடகம், நூலகம், சுற்றுலா, பாதுகாப்பான வேலைமுறை என்று பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டிய எதுவும் அங்கே படமானது. சுமார் 35,000 வடிவங்களில் 20 லட்சம் பிரதிகள் அச்சானதாக மதிப்பிடுகிறார்கள். இன்று எஞ்சியவை ஏறத்தாழ 2,000 மட்டுமே. அவற்றில் 900க்கும் மேற்பட்டவை வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. அதுதான் மிகப்பெரிய தொகுப்பு.

மிருகக்காட்சிசாலைச் சுவரொட்டிகள் இந்தத் தொகுப்பின் சிறு பகுதிதான். ஆனால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. பென்சில்வேனியா பட்டறை பிலடெல்பியா மிருகக்காட்சிசாலைக்காக ஒரு வரிசை செய்தது. சிலவற்றில் ஹ்யூ ஸ்டீவன்சன் என்ற ஓவியரின் பெயர் இருக்கிறது. 1874இல் திறந்த அந்த மிருகக்காட்சிசாலை அமெரிக்காவின் மிகப் பழையவற்றில் ஒன்று. இல்லினாய் பட்டறை சிகாகோவுக்குப் பக்கத்திலுள்ள புரூக்ஃபீல்டு மிருகக்காட்சிசாலைக்கு வரைந்தது. 1934இல் திறந்த அந்த இடத்தில் கூண்டுக்கம்பிகளைத் தவிர்த்து, அகழி வெட்டி விலங்குகளைக் காட்டினார்கள். பார்க்க வருபவருக்கும் கரடிக்கும் நடுவில் கம்பி தெரியாது. அன்று அது பெரிய புதுமை.

இந்தப் படங்கள் ஏன் இப்படித் தட்டையாக, நாலைந்து நிறத்தில், நிழலே இல்லாமல் இருக்கின்றன? இரசனை ஒரு காரணம் என்றால் அச்சுமுறை இன்னொன்று. முதலில் சுவரொட்டிகளை ஒவ்வொன்றாகக் கையால் வரைந்துகொண்டிருந்தார்கள். அப்புறம் ஆந்தனி வெலோனிஸ் என்பவர், விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் புழங்கிய பட்டுத்திரை அச்சை நியூயார்க் பட்டறைக்குக் கொண்டுவந்தார். மரச்சட்டத்தில் பட்டுத்துணியை இழுத்துக் கட்டுவார்கள். மை இறங்கக் கூடாத இடங்களை அடைத்துவிட்டு, மேலே மையை ஊற்றி ரப்பர்ப் பட்டையால் இழுத்தால், துணியில் திறந்திருக்கும் இழைக்கண்கள் வழியாக மை தாளில் இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு திரை. நிறம் கூடினால் திரையும் கூடும், நேரமும் கூடும். எனவே ஓவியர் நிறத்தை எண்ணிச் செலவழித்தார். தாளின் நிறத்தையே ஒரு நிறமாக எடுத்துக்கொண்டார். வெள்ளைத் தாளை அப்படியே விட்டுவிட்டால் அதுவே பனிக்கரடியின் உடம்பு! விலங்குகளின் பெரிய உருவமும் தெளிவான விளிம்பும் இந்த முறைக்கு அவ்வளவு இசைவாக இருந்தன. நாளுக்கு 600 பிரதிகள் வரை எடுக்க முடிந்தது. நம் ஊரில் மஞ்சள் பையில் கடைப்பெயர் போடுவதும் இதே ஸ்க்ரீன் பிரிண்டிங்தான், பட்டுக்குப் பதிலாக இன்று நைலான் வகைத் துணி.

மூலத்தையும் நகலையும் பிரித்தறிய இந்த அச்சுமுறையே உதவும். திரை அச்சில் மை தடிப்பாக, ஒரே சீராக உட்காரும். இன்றைய ஆஃப்செட் இயந்திர அச்சில் வந்த நகலை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் நிறம் சின்னச் சின்னப் புள்ளிகளாக உடையும். மூலத்தில் பெரும்பாலும் ஓர் ஓரத்தில் கலைத் திட்டத்தின் பெயர் இருக்கும், ஆனால் நகலிலும் அது அப்படியே பதிந்துவிடுமே! ஆகவே அதை மட்டும் நம்பக் கூடாது. நகல் எடுப்பது குற்றமும் இல்லை. இவை அரசுப் பணத்தில் பொதுமக்களுக்காகச் செய்தவை, வெளியிடத் தடை எதுவும் அறியப்படவில்லை என்றே காங்கிரஸ் நூலகமும் குறிக்கிறது. யாரும் தரவிறக்கி அச்சடித்து வீட்டில் மாட்டலாம். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் அந்த நகல் இருந்தால் எனக்கு மகிழ்ச்சியே. அதை நகல் என்று சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, போஸ்டருக்கு வருவோம். ‘போஸ்ட்’ என்றால் கம்பம். இலத்தீன் ‘போஸ்திஸ்’, கதவுநிலையின் தூண். ஊருக்குச் சொல்ல வேண்டியதை எழுதித் தெருக்கம்பத்தில் ஒட்டிவைத்த வழக்கத்திலிருந்து ‘போஸ்ட் செய்தல்’ வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஒட்டப்பட்ட தாளுக்கே போஸ்டர் என்ற பெயர் நிலைத்தது. பிரெஞ்சுக்காரர் சொல்லும் ‘அஃபீஷ்’ என்பதற்கும் ‘பொருத்தி வைத்தது’ என்பதே வேர். தமிழ் கம்பத்தை விட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டது: சுவரொட்டி. தொட்டாற்சுருங்கி தொட்டால் சுருங்குவது, சுவரொட்டி சுவரில் ஒட்டுவது. சொல் அமைந்த விதம் ஒன்றே. கறிக்கடையில் சுவரொட்டி கேட்டால் ஆட்டின் மண்ணீரல் கிடைக்கும் என்பது தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியும். இடத்தை வைத்துப் பொருள் புரிந்துவிடுவதால் குழப்பம் வருவதில்லை.

ஓர் ஆட்சேபம் எழலாம். இந்த அமெரிக்கத் தாள்கள் பெரும்பாலும் கெட்டி அட்டையில் அச்சானவை. பசை தடவிச் சுவரில் ஒட்டாமல் பள்ளியிலும் நூலகத்திலும் கடைச் சன்னலிலும் வைக்கப்பட்டவை. அவற்றைச் சுவரொட்டி என்னலாமா? தாராளமாகச் சொல்லலாம். போஸ்டரும் கம்பத்தை விட்டுவந்து நெடுங்காலம் ஆகிறது. விளம்பரத் தாள் என்றால் கையில் கொடுக்கும் நோட்டீசும் அதில் அடங்கிவிடும். பதாகை என்றால் துணியும் ஃபிளெக்சும் நினைவுக்கு வரும். ஒரே பார்வையில் தொலைவிலிருந்து படிக்கச் செய்த தாளுக்குச் சுவரொட்டியைவிட நல்ல சொல் நம்மிடம் இல்லை.

விண்டேஜுக்குத்தான் கவனம் வேண்டும். ‘பழங்கால’ என்றதும் தமிழ் வாசகர் மனம் சோழர் செப்பேட்டுக்கோ கீழடிப் பானைக்கோ போகும். 1938இல் அச்சான தாளுக்கு அது பொருந்தாது. ‘தொன்மையான’ என்பது இன்னும் தூரம். ‘பழைய சுவரொட்டி’ என்றால் கிழிந்து தொங்கும் போன தேர்தல் சுவரொட்டியும் அதுதான். நான் பரிந்துரைப்பது ‘அக்காலச் சுவரொட்டி’. எக்காலம் என்று கேட்கவைக்கும் சொல் அது, பக்கத்திலேயே ஆண்டைப் போட்டுவிட்டால் விண்டேஜின் அறுவடைக் கணக்கு முழுதாக வந்துவிடும். பேச்சில் ‘அந்தக் காலத்துப் போஸ்டர்’ என்பதே போதும். நகலுக்கு ‘மறுஅச்சு’, பதிப்பகங்கள் நெடுநாளாகப் புழங்கும் சொல், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பழைய பாணியில் இன்று ஒருவர் புதிதாக வரைந்தது என்றால் அது மறுஅச்சும் ஆகாது. ‘அக்காலப் பாணிச் சுவரொட்டி’ என்று எழுதலாம்.

ஜூ என்பதற்கு இலங்கையில் மிருகக்காட்சிசாலை, தமிழ்நாட்டு அரசுவழக்கில் உயிரியல் பூங்கா. இரண்டும் நல்ல சொற்கள்தான். 1930களின் படத்துக்கு முன்னதை வைப்பது காலத்துக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இவற்றை வைத்துப் படக்குறிப்பு எழுதினால் இப்படி அமையும். மூலத்துக்கு: ‘பிலடெல்பியா மிருகக்காட்சிசாலை, அக்காலச் சுவரொட்டி, பட்டுத்திரை அச்சு, கூட்டாட்சிக் கலைத் திட்டம், பென்சில்வேனியா’, கூடவே தெரிந்த ஆண்டு. கடையில் வாங்கிய நகலுக்கு அதே வரியில் ‘அக்கால’ என்பதை எடுத்துவிட்டு, கடைசியில் ‘மறுஅச்சு’ என்றும் அது அச்சான ஆண்டும்.