களப்புகல்: ‘பிட்ச் இன்வேஷன்’ என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

கால்பந்துப் போட்டியின்போதோ முடிந்த பிறகோ ரசிகர்கள் கேலரியிலிருந்து புல்தரைக்குள் ஓடிவருவதை ஆங்கிலத்தில் பிட்ச் இன்வேஷன் என்கிறார்கள். தமிழில் இதைச் சொல்ல வேண்டி வந்தால் ‘மைதானத்துக்குள் நுழைந்த ரசிகர்கள்’ என்றுதான் எழுதத் தோன்றும். யோசித்துப் பார்த்தால் அது பொருந்தவில்லை. டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கும் ரசிகர் ஏற்கெனவே மைதானத்துக்குள்தானே இருக்கிறார்? அவர் தாண்டியது எல்லைக்கோடு மட்டும். சொல்லுக்குச் சொல் மாற்றி ‘மைதானப் படையெடுப்பு’ என்று எழுதினால் அதைவிடப் பெரிய தவறாகிவிடும். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பிட்ச். ஊன்றுதல், நடுதல் என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருந்த பழைய வினை இது. கூடாரம் அடிப்பதற்கும் இதே வினைதான். கிரிக்கெட்டில் ஸ்டம்புகளை நட்ட இடத்துக்குப் பிட்ச் என்று பெயர் வந்தது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அங்கிருந்து கால்பந்துக்கும் போனது. கிரிக்கெட்டில் அது 22 கஜப் பட்டை. கால்பந்தில் முழுப் புல்பரப்பும் அதுவே. நம்முடைய ‘ஆடுகளம்’ என்ற சொல்லும் இதே போல இரண்டுக்கும் பொதுவாகிவிட்டது.

அப்புறம் இன்வேஷன். லத்தீனில் ‘இன்’ என்றால் உள்ளே, ‘வாதேரே’ என்றால் போவது. சொல்லின் வேரில் படையும் இல்லை, வாளும் இல்லை. உள்ளே போவது, அவ்வளவுதான். படையெடுப்பு என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. கால்பந்து வரலாற்றில் பல துயரங்களுக்கு இந்தப் பின்னால் ஒட்டிய பொருளும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1923 ஏப்ரல் 28. லண்டனில் புதிதாகக் கட்டிய வெம்ப்ளி அரங்கில், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையின் இறுதிப்போட்டி, போல்ட்டன் வாண்டரர்ஸ் அணிக்கும் வெஸ்ட் ஹாம் யுனைடெட் அணிக்கும். முன்கூட்டியே டிக்கெட் வாங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதிகாரப்பூர்வக் கணக்குப்படி 1,26,047 பேர். உண்மையில் 2 லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிட்டவர்கள் உண்டு. கேலரிகள் நிரம்பி வழிந்தன. வழிந்த கூட்டம் போக வேறு இடம் இல்லாமல் புல்தரை முழுக்க நின்றது. ஜார்ஜ் ஸ்கோரி என்ற காவலர் பில்லி என்ற குதிரையில் ஏறி, மற்றக் காவலர்களோடு சேர்ந்து, கூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கோட்டுக்கு வெளியே நகர்த்தினார். ஏறக்குறைய 45 நிமிடம் தாமதமாக ஆட்டம் தொடங்கியது. எல்லைக்கோட்டை ஒட்டியே மக்கள் நின்று பார்த்தார்கள். போல்ட்டன் 2-0 என்று வென்றது. பில்லி சாம்பல் நிறக் குதிரைதான். கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் வெள்ளையாகத் தெரிந்ததால் அந்தப் போட்டிக்கே ‘வெள்ளைக் குதிரை இறுதிப்போட்டி’ என்று பெயர் வந்துவிட்டது. அன்று உள்ளே நின்றவர்களைப் படை என்று எப்படிச் சொல்வது? இடம் இல்லாதவர்கள் அவர்கள்.

1966 ஜூலை 30 அன்று அதே வெம்ப்ளியில் உலகக்கோப்பை இறுதிப்போட்டி. கூடுதல் நேரத்தின் கடைசி விநாடிகளில் சிலர் உள்ளே ஓடி வந்துவிட்டார்கள். பிபிசி வர்ணனையாளர் கென்னத் வோல்ஸ்டன்ஹோம் சொன்னது இன்றும் நினைவுகூரப்படுகிறது: “கொஞ்சம் பேர் உள்ளே வந்துவிட்டார்கள், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள்…” அதற்குள் இங்கிலாந்து வீரர் ஜெஃப் ஹர்ஸ்ட் பந்தை வலைக்குள் அடித்துவிட, “இப்போது முடிந்துவிட்டது!” கோபமோ பயமோ இல்லாத குரல் அது.

1972 பிப்ரவரி 5 அன்று ஹெரஃபோர்டில் நடந்ததும் அப்படித்தான். தேசிய லீகில் இடம்கூட இல்லாத அந்தச் சின்ன ஊர் அணிக்காக, அன்றைய உச்சப் பிரிவான முதல் டிவிஷனில் ஆடிய நியூகாசிலுக்கு எதிராக ரோனி ராட்ஃபோர்ட் தொலைவிலிருந்து அடித்த பந்து வலையைத் தொட்டதும், குளிர்கோட்டு போட்ட சிறுவர்கள் நாலாபக்கமும் இருந்து சேற்றுக்குள் பாய்ந்தார்கள். கூடுதல் நேரத்தில் ரிக்கி ஜார்ஜ் இன்னொரு கோல் போட, மறுபடியும் பாய்ந்தார்கள். நம் ஊர்களில் சுண்ணாம்புக் கோடு போட்டு நடக்கும் போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த ஓட்டம் புதிதாக இருக்காது.

ஆனால் எல்லாம் இப்படி இல்லை. 1974 மார்ச்சில் நியூகாசில் அணி சொந்த ஊரில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிடம் 3-1 என்று பின்தங்கியிருந்தபோது ரசிகர்கள் கோபத்தோடு உள்ளே புகுந்தார்கள். ஆட்டம் நின்றது. வீரர்கள் திரும்பி வந்து ஆடியதில் நியூகாசில் 4-3 என்று வென்றது. கால்பந்துச் சங்கம் அந்த முடிவை ஏற்காமல் போட்டியை மறுபடி நடத்த வைத்தது. 1977இல் வெம்ப்ளியில் ஸ்காட்லாந்து 2-1 என்று இங்கிலாந்தை வென்ற நாளில், ஸ்காட்லாந்து ரசிகர்கள் கோல்போஸ்ட்டை உடைத்து, புல்லைப் பெயர்த்து வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். இதற்கெல்லாம் எதிர்வினையாக இங்கிலாந்து அரங்குகளில் கேலரிக்கும் களத்துக்கும் நடுவே இரும்புவேலிகள் எழுந்தன.

அந்த வேலிகள் என்ன செய்தன என்பது 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் தெரிந்தது. லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. ஏற்கெனவே நிரம்பியிருந்த, வேலியால் அடைத்த நடுக்கூண்டுகளுக்குள் (ரசிகர்கள் நின்று பார்க்கும் பகுதிகள்) மேலும் மேலும் ஆட்களைப் போக விட்டதால் முன்வரிசையில் நின்றவர்கள் வேலியோடு வேலியாக நசுங்கினார்கள். மூச்சுக்காகச் சிலர் வேலி ஏறி உள்ளே குதித்தார்கள். அதைப் பார்த்த காவல்துறை முதலில் நினைத்தது என்ன தெரியுமா? பிட்ச் இன்வேஷன். எதிரணி ரசிகர்களிடம் போய்விடக்கூடாது என்று களத்தின் குறுக்கே காவலர்கள் வரிசைகட்டி நின்றார்கள். 3.06 மணிக்கு ஆட்டம் நிறுத்தப்பட்டது. விளம்பரப் பலகைகளைப் பிய்த்து அவற்றில் அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் ரசிகர்கள்தான். இறந்தவர்கள் 97 பேர். ரசிகர்கள் மேல் குற்றம் இல்லை என்று விசாரணை நடுவர்குழு சொல்ல 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உயிருக்காக உள்ளே வந்தவர்களைப் படையாகப் பார்த்த அந்த முதல் சில நிமிடங்களை என்னால் மறக்க முடியவில்லை.

ஹில்ஸ்பரோ துயரத்தை விசாரித்த நீதிபதி டெய்லரின் 1990 அறிக்கைக்குப் பிறகு வேலிகள் போயின, பெரிய அரங்குகளில் எல்லோருக்கும் இருக்கை வந்தது. 1991இல் கால்பந்துக் குற்றங்களுக்கென ஒரு சட்டம் வந்தது. களத்துக்குள் போவது குற்றம் என்று சொல்லும் அதன் பிரிவில் இன்வேஷன் என்ற பேச்சே இல்லை. சட்டப்படியான அனுமதியோ ஏற்கத்தக்க காரணமோ இல்லாமல் ‘விளையாடும் பரப்பின் மேல் போவது’ என்றுதான் இருக்கிறது. ஏற்கத்தக்க காரணம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்த சட்டம், சொல்லையும் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

வேறு நாடுகளிலும் இதே கதை. 1964 மே 24 அன்று பெருவின் லிமா நகரில், அர்ஜென்டினாவுக்கு எதிரான போட்டியில் ஒரு கோல் மறுக்கப்பட்டதும் ரசிகர்கள் உள்ளே புகுந்தார்கள். காவல்துறை கேலரியில் கண்ணீர்ப்புகை வீசியது. வெளியே ஓடியவர்கள் மூடிய கதவுகளில் நசுங்கினார்கள். அதிகாரப்பூர்வக் கணக்கில் 328 பேர் இறந்தார்கள். 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் மலாங் நகரில் சொந்த அணி தோற்றதும் ரசிகர்கள் உள்ளே வந்தார்கள். மறுபடியும் கண்ணீர்ப்புகை, மறுபடியும் வெளியேறும் வாசலில் நெரிசல், 135 பேர். அரங்குக்குள் கண்ணீர்ப்புகை கூடாது என்று ஃபிஃபா விதியே இருக்கிறது. இரண்டு இடத்திலும் கொன்றது களத்துக்குள் ஓடிய கால்கள் இல்லை. படை வந்துவிட்டது என்று நினைத்துக் கொடுத்த பதிலடிதான் கொன்றது.

சரி, ரசிகர்கள் மாறவில்லையா என்றால், மாறியிருக்கிறார்கள். முன்பு வீரரைத் தோளில் தூக்க ஓடினார்கள், இப்போது கையில் போனோடு ஓடுகிறார்கள். 2024 யூரோ கோப்பையில், டார்ட்மண்டில் துருக்கிக்கு எதிரான போட்டியில், ரொனால்டோவோடு செல்ஃபி எடுக்க ஒரு சிறுவன் ஓடிவந்தபோது அவர் சிரித்தபடி நின்றார். அவனுக்குப் பின் அடுத்தடுத்து ஆட்கள் வரவும் அவர் முகம் மாறியது. 2022 மே மாதம் இங்கிலாந்தில் இதைவிட மோசம். நாட்டிங்ஹாமில் ப்ளேஆஃப் முடிந்து கூட்டம் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, கோட்டோரம் நின்ற ஷெஃபீல்டு யுனைடெட் வீரர் பில்லி ஷார்ப்பை ஒருவர் ஓடிவந்து தலையால் முட்டினார். அவருக்கு 24 வாரச் சிறை. சில நாளில் மான்செஸ்டர் சிட்டி பட்டம் வென்ற கொண்டாட்டத்தில் ஆஸ்டன் வில்லா கோல்கீப்பர் ராபின் ஓல்சன் தாக்கப்பட்டார். களத்துக்குள் போகும் ரசிகருக்குக் கிளப் தடை விதிக்கும் கடும் நடைமுறை அந்தக் கோடையில்தான் வந்தது. வீரர்களுக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டும். அதில் எனக்கு மறுப்பே இல்லை.

இத்தனை விதமான செயலுக்கும் பொருந்தும் ஒரு தமிழ்ச்சொல் எது? ‘அத்துமீறல்’ என்றால் முதலிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ‘ஊடுருவல்’ ஒளிந்து வருபவர்களுக்கு உரியது. இவர்கள் எல்லோர் கண்ணெதிரே வருகிறார்கள். ‘களமிறங்குதல்’ வீரர்களுக்கும் வேட்பாளர்களுக்கும் போய்விட்டது.

நான் முன்வைப்பது ‘களப்புகல்’. களம் என்றால் கோட்டுக்கு உள்ளே இருக்கும் பரப்பு மட்டும். கேலரி அதில் சேராது. புகு என்ற வினை நமக்கு அன்றாடம் பழகியது. பெண் புகுந்த வீடு என்கிறோம், ஆமை புகுந்த வீடு என்றும் சொல்கிறோம். தனக்கு உரியதாக இல்லாத இடத்துக்குள் போவது என்பது இரண்டுக்கும் பொது. நல்லதா கெட்டதா என்பதைப் புகுந்தவரை வைத்துத்தான் சொல்ல முடியும். இந்த வினையிலிருந்து வரும் ‘புகல்’ என்ற பெயருக்கு நுழைதல் என்பதோடு அடைக்கலம் என்ற பொருளும் உண்டு. புகலிடம் என்பது அதிலிருந்து வந்ததுதான். பழந்தமிழில் விருப்பம் என்றும் பொருள். ஹெரஃபோர்டு சிறுவர்களின் ஆசை, ஹில்ஸ்பரோவில் வேலி ஏறியவர்களின் அடைக்கலம், நாட்டிங்ஹாமில் முட்ட வந்தவரின் நுழைவு என மூன்றும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்குகின்றன.

எழுதும்போது ‘ரசிகர்கள் களம் புகுந்தனர்’ என்று வினையாகவும், ‘களப்புகலால் ஆட்டம் 10 நிமிடம் நின்றது’ என்று பெயராகவும் பயன்படுத்தலாம். தனியாக ஓடிவருபவரைக் ‘களம் புகுந்தவர்’ என்றால் போதும். அடித்தாலோ உடைத்தாலோ அதற்குத் தாக்குதல், சேதம் என்று தனிச்சொற்கள் இருக்கின்றன. அவற்றைத் தனியாகவே எழுதிக்கொள்ளலாம்.