ஈஸ்ட் உடைக்கும் பூட்டு

"ஈஸ்ட்டுக்கும் ஸ்ட்ரெஸ் வருமா?" என்று ஒரு வாசகர் கிண்டலாகக் கேட்டிருந்தார். வரும். மனக்கவலை இல்லை, டி.என்.ஏ.வை நகலெடுக்கும் வேலை பாதியில் சிக்கிக்கொள்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

ரொட்டி ஈஸ்ட்டில் 16 குரோமோசோம்கள், சுமார் 1.2 கோடி எழுத்துகள். செல் பிரியும் முன் எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும். ஆய்வகத்தில் இதைச் சிக்கவைக்க ஹைட்ராக்சியூரியா என்ற மருந்தைக் கொடுப்பார்கள், டி.என்.ஏ. எழுத்துகளைத் தயாரிக்கும் நொதியை அது முடக்கிவிடும். இரட்டை இழையைப் பிரிக்கும் இயந்திரம் கொஞ்சம் முன்னே ஓடிவிடும், எழுதும் நொதியோ எழுத்து கிடைக்காமல் பின்னால் நின்றுவிடும், நடுவில் ஒற்றை இழை வெறுமனே கிடக்கும். அதுதான் அபாயமணி. அந்த இழையை ஒரு புரதம் போர்த்த, அதை அடையாளம் வைத்து மெக்1 என்ற காவல் புரதம் வருகிறது, ராட்53 என்ற இன்னொரு புரதத்தை உசுப்புகிறது. இன்னும் தொடங்காத இடங்களில் நகலெடுப்பு நிறுத்தப்படுகிறது, செல்லும் அவசரப்பட்டுப் பிரிவதில்லை.

இதெல்லாம் சரி, எனக்குப் பிடித்த கட்டம் இனிமேல்தான். எழுத்து தயாரிக்கும் அந்த நொதியின் மேல் எஸ்.எம்.எல்.1 என்ற குட்டிப் புரதம் சாதாரண நாட்களில் பூட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும். வெறும் 104 அமினோ அமிலம்தான். ராட்53 தன் கீழே இருக்கும் டன்1 என்ற புரதத்தைக் கிளப்ப, டன்1 அந்தப் பூட்டின் மேல் பாஸ்பேட் முத்திரை குத்த, செல் அதைத் திறப்பதோடு விடாமல் அரைத்தே தள்ளிவிடுகிறது! உற்பத்தி எகிறுகிறது. நெருக்கடி இல்லாத வழக்கமான நகலெடுப்பின்போதும் ஒவ்வொரு முறையும் இதே கூத்துதான்.

பூட்டே எதற்கு, எப்போதும் தாராளமாகத் தயாரித்தால் என்ன என்று தோன்றும். எழுத்துகள் அளவுக்கு மீறிக் குவிந்தால் எழுதும் நொதி அலட்சியமாகிறது. தப்பான எழுத்தைப் போட்டுவிட்டு நிற்காமல் மேலே போய்விடும், பிறழ்வுகள் கூடும். பற்றாக்குறையும் ஆபத்து, வெள்ளமும் ஆபத்து.

1998-இல்தான் இந்தப் பூட்டு பிடிபட்டது. மெக்1 இல்லாத ஈஸ்ட் பிழைக்காது, ஆனால் இன்னொரு மரபணுவும் கெட்டுப்போயிருந்தால் பிழைத்துக்கொள்கிறது, அது என்ன மரபணு என்று துரத்திப்போனதில் சிக்கியது எஸ்.எம்.எல்.1. ஈஸ்ட் ஆராய்ச்சிக்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். மெக்1-இன் உறவுக்காரரான ஏ.டி.ஆர். என்ற புரதம் நம் செல்களிலும் இருக்கிறது, அதைத் தடுக்கும் மருந்துகளைப் புற்றுநோயாளிகளிடம் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம், மெக்1 இல்லாமல் பிழைத்த அந்த ஈஸ்ட்டுக்கு ஹைட்ராக்சியூரியா கொடுத்தால் செத்துவிடும். பூட்டு போய்விட்டது, சாதாரண நாட்களில் எழுத்தும் தாராளம்தான், ஆனால் ஹைட்ராக்சியூரியாவால் நகலெடுப்பு நடுவழியில் நின்றால் அந்த இடத்தைக் குலையாமல் பிடித்துவைக்க மெக்1 அங்கே இல்லையே.