ரெஜிஸ்ட்ரியில் பெயர் இல்லையாம், அதனால் நல்லவராம்

போன மாதம் ஒரே வாரத்தில் என் வக்கீல் அலுவலகத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். மூவரும் நம்மவர்கள், மிடில்செக்ஸ் கவுண்டி பக்கம் வீடு வாங்குகிறவர்கள், மூவர் போனிலும் ரெஜிஸ்ட்ரியின், அதாவது நியூ ஜெர்சி ஸ்டேட் போலீஸ் இணையத்தில் வைத்திருக்கும் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டின், ஸ்க்ரீன்ஷாட். ஒருவருக்கு, வாங்கப்போகும் வீட்டிலிருந்து ஒரு மைல் தள்ளி பாலியல் குற்றவாளி ஒருவர் இருப்பதாகத் தளம் காட்டிவிட்டது, ஒப்பந்தத்தை உடனே முறிக்கவேண்டும், அட்டர்னி ரிவ்யூவுக்கு (வக்கீல் ஒப்பந்தத்தைப் பார்த்து ரத்துசெய்யக் கிடைக்கும் அவகாசம்) இருந்த மூன்று வேலைநாளில் இரண்டு ஏற்கெனவே காலி. மற்ற இரண்டு பேருக்கும் பிரச்சினையே இல்லை. "தேடிப் பாத்துட்டோம் மேடம், பக்கத்துல ஒருத்தர்கூட இல்ல, ரொம்ப சேஃப் ஏரியா."

பதறிக்கொண்டு வந்தவர்மேல் எனக்குக் கோபமில்லை. நிம்மதியாக வந்த இருவரைப் பார்த்துத்தான் வயிறு கலங்கியது. ஏனென்றால் அதே வாரம் நான்காவதாக ஒரு தம்பதி வந்தார்கள், வீட்டு விஷயமாக இல்லை. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பத்து வயதுப் பெண் குழந்தை, வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வந்து கணக்கு சொல்லிக்கொடுத்த குடும்ப நண்பர். மீதியை நான் சொல்லவேண்டாம். அந்த அப்பா வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? "அவர் பேரை ரெஜிஸ்ட்ரில தேடிப் பாத்துட்டுத்தான் மேடம் விட்டோம்."

பதினேழு வருஷமாக இதே மாநிலத்தில் வக்கீலாக இருக்கிறேன், இதை எத்தனை தடவை கேட்டுவிட்டேன் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

சரி, முதலில் கதை. 1994 ஜூலையில் இதே நியூ ஜெர்சியில், ஹாமில்டன் டவுன்ஷிப்பில், மேகன் கான்கா என்ற ஏழு வயதுக் குழந்தையை எதிர்வீட்டில் இருந்தவன் நாய்க்குட்டி காட்டுகிறேன் என்று கூப்பிட்டுக் கொன்றான். குழந்தைகளிடம் அத்துமீறியதற்காக அதற்கு முன்பே இருமுறை தண்டிக்கப்பட்டவன். தெருவில் யாருக்கும் தெரியாது. "தெரிந்திருந்தால் என் குழந்தை உயிரோடு இருந்திருப்பாள்" என்பதுதான் அந்தப் பெற்றோரின் வாதம், மூன்றே மாதத்தில் மாநிலம் சட்டம் போட்டது, 1996இல் நாடு முழுவதற்கும் வந்தது. மேகன் சட்டம் என்கிறோமே, அது இதுதான். பதிவேடு மட்டும் என்றால் இன்னும் பழையது, கலிபோர்னியாவில் 1947இலிருந்தே உண்டு, ஆனால் அது போலீஸுக்குள்ளேயே இருந்த கணக்கு. ஊருக்குச் சொல்வது என்பதுதான் 90களில் புதிதாக வந்தது.

இப்போது எல்லோரும் தவறவிடும் இடத்துக்கு வருகிறேன். நியூ ஜெர்சியில் தண்டனை பெற்றுப் பதிவு செய்தவர் எல்லோரையும் ஊருக்குச் சொல்லிவிட மாட்டார்கள். கவுண்டி பிராசிக்யூட்டர் (அரசுத் தரப்பு வக்கீல்) அலுவலகம், மறுபடி குற்றம் செய்யும் அபாயத்துக்கு ஒரு மதிப்பெண் அட்டவணையை வைத்து ஆளை மூன்று நிலையில் ஒன்றில் வைக்கும், அவர் அதை நீதிபதி முன்னால் எதிர்க்கலாம். முதல் நிலை என்றால் போலீஸுக்கு மட்டும் தெரியும். இரண்டாம் நிலை என்றால் சுற்றுவட்டாரப் பள்ளி, டேகேர், கோடை முகாம் மாதிரி இடங்களுக்கும் தகவல் போகும். மூன்றாம் நிலை என்றால்தான் அவரை எதிர்கொள்ள வாய்ப்புள்ள வீடுகளுக்குக் கதவைத் தட்டித் தாள் கொடுப்பார்கள். அந்தத் தாள் உங்கள் வீட்டாருக்கும், உங்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கும்தான். நானூறு பேர் இருக்கும் தமிழ் மன்ற வாட்சப் குழுவுக்கு இல்லை.

இணையத்தில் தெரிவது? மூன்றாம் நிலை ஆட்கள், அப்புறம் இரண்டாம் நிலையில் பெரும்பாலானவர்கள். முதல் நிலை ஆட்கள் பெரும்பாலும் தெரியமாட்டார்கள். இரண்டாம் நிலையிலும் சிலருக்கு விலக்கு உண்டு, அதில் ஒன்றைக் கேளுங்கள்: அவர் செய்த ஒரே குற்றம் சொந்தக் குடும்பத்துக்குள் நடந்ததாக இருந்தால் பொதுவாக இணையத்தில் போடமாட்டார்கள். ஆள் பெயரைப் போட்டால் பாதிக்கப்பட்ட குழந்தை யார் என்பது ஊருக்கே தெரிந்துவிடும் என்பது நியாயமான காரணம். ஆனால் நீங்கள் தேடுகிற பெட்டியில் இவர் வரமாட்டார், புரிகிறதா? ஆக, தளத்தில் "முடிவுகள் இல்லை" என்று வந்தால், அந்தத் தளத்தில் காட்ட அனுமதிக்கப்பட்ட ஆட்கள் அங்கே இல்லை என்பதோடு அதன் அர்த்தம் முடிந்துவிடுகிறது.

மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், டெக்ஸாஸிலிருந்தோ புளோரிடாவிலிருந்தோ மாறி வருகிறவர்கள் "அங்க எங்க தெருவுல ஏழு பேர் இருந்தாங்க, இங்க யாருமே இல்ல" என்று சந்தோஷப்படுகிறார்கள். அங்கே ஏறக்குறைய எல்லோரையும் இணையத்தில் போட்டுவிடுகிறார்கள், இங்கே பிரித்துப் போடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நியூயார்க்கிலும் முதல் நிலை இணையத்தில் வராது, போன் பண்ணிப் பெயர் சொல்லித்தான் கேட்கவேண்டும். எல்லா மாநிலத்தையும் சேர்த்துத் தேட மத்திய நீதித்துறையின் தேசியத் தளம் இருக்கிறது, ஆனால் அது அந்தந்த மாநிலம் வெளியே காட்டுவதைத்தான் திரட்டிக் கொடுக்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிகள் "நம்ம நாட்டுல இதெல்லாம் இருக்காம்மா" என்று கேட்பார்கள். இருக்கிறது, 2018 செப்டம்பரில் தொடங்கினார்கள், ஆனால் போலீஸ் மட்டும்தான் பார்க்க முடியும்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயத்தை இனிமேல்தான் சொல்லப்போகிறேன், மேலே உள்ளதை மறந்தாலும் பரவாயில்லை. அந்தப் பட்டியலில் ஒரு பெயர் ஏறவேண்டுமென்றால் ஒரு குழந்தை வாய்திறக்க வேண்டும், அதைப் பெரியவர் ஒருவர் நம்பவேண்டும், நம்பியவர் போலீஸுக்குச் சொல்லவேண்டும், வழக்கு நிற்கவேண்டும், தண்டனை வரவேண்டும், அதுவும் பதிவு கட்டாயமான பிரிவில் வரவேண்டும், பேரம் பேசி வேறு சின்னப் பிரிவில் ஒப்புக்கொண்டு தப்பித்திருக்கக் கூடாது. இத்தனை படியும் தாண்டியவன்தான் பட்டியலில் இருக்கிறான். இப்போது சொல்லுங்கள், நம் ஆட்கள் எந்தப் படியில் நிறுத்துகிறோம்? இரண்டாவதிலேயே. "பெரியவங்க கூப்பிட்டுப் பேசிட்டோம்", "அவரு இனிமே வரமாட்டாரு", "பொண்ணோட எதிர்காலம் இருக்கே", "அவங்க க்ரீன் கார்டு ஸ்டாம்பிங்ல இருக்காங்க பாவம்." பேசி அனுப்பிய அந்த ஆள் அடுத்த டவுனுக்குப் போய் அடுத்த குடும்பத்துக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறார். அந்தக் குடும்பம் ரெஜிஸ்ட்ரியில் தேடுகிறது. எப்படி இருக்கும் அவர் பெயர்? நீங்கள்தானே ஏறவிடாமல் பார்த்துக்கொண்டீர்கள்!

கோபத்தில் எழுதுகிறேன், தெரியும். அந்த நான்காவது தம்பதிக்கு நான் சொன்னதைவிடக் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அவர்களிடம் இப்படிப் பேச முடியவில்லை.

அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு 2000இல் ஓர் அறிக்கை வெளியிட்டது, போலீஸுக்கு வந்த புகார்களை வைத்து. பதினெட்டு வயதுக்குக் கீழ் பாதிக்கப்பட்டவர்களில் 34 சதவீதம் பேருக்குக் குற்றவாளி குடும்பத்தவர், 59 சதவீதம் பேருக்குத் தெரிந்தவர். முன்பின் தெரியாதவர் 7 சதவீதம்தான். இந்த 7க்காக மைல் கணக்குப் பார்த்து வீட்டை வேண்டாமென்கிறோம். மீதி ஆட்களுக்கு நாமே கதவைத் திறந்து காபி கொடுக்கிறோம்.

வீடு வாங்குகிறவர்களுக்கு: உங்கள் ஒப்பந்தத்திலேயே மேகன் சட்டம் பற்றி ஒரு பத்தி இருக்கும், யாரும் படிப்பதில்லை. ரியல் எஸ்டேட் ஏஜென்டுக்கு பிராசிக்யூட்டர் இந்தத் தகவலைத் தரமாட்டார், ஏஜென்டால் உங்களுக்கு வாங்கித் தரவும் முடியாது, க்ளோசிங் (வீடு உங்கள் பெயருக்கு மாறுவது) முடிந்தபிறகு நீங்கள் பிராசிக்யூட்டர் அலுவலகத்தைக் கேட்கலாம் என்பதே அதன் சாரம். அதனால் "ஏஜென்ட் மறைச்சுட்டான்" என்று ஏஜென்டைத் திட்டாதீர்கள். "பள்ளிக்கூடம் பக்கத்துல எப்படி அவனை வாழ விடறாங்க" என்றும் கேட்கிறார்கள். சில டவுன்கள் பள்ளிக்கு இத்தனை அடிக்குள் குடியிருக்கக் கூடாது என்று தாங்களே விதி போட்டன, 2009இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றுவிட்டது. மேகன் சட்டம் மாநிலம் முழுவதற்கும் ஒன்று, டவுன் தனியாக ஒன்றைச் சேர்க்க முடியாது என்பது காரணம்.

இன்னொன்று, தயவுசெய்து. தளத்தில் பார்த்த ஆளின் வீட்டு வாசலில் போய் நிற்பது, போட்டோவை ஒட்டுவது, கார் கண்ணாடியை உடைப்பது, இதெல்லாம் வேண்டாம். அந்தத் தகவலை வைத்துக் குற்றம் செய்தால் அதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பெயர் மட்டும் ஒத்துப்போய், வேறு பிறந்ததேதிக்காரர் ஒருவரை ஒரு வாட்சப் குழு ஒரு வாரம் படுத்திய பாடு எனக்குத் தெரியும், அவருக்காகத்தான் கடிதம் எழுதினேன்.

சரி, என்ன செய்வது? தளத்தைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, முகம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லதுதான், பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதற்குப்பிறகு வீட்டுக்குள் திரும்புங்கள். பள்ளி ஆசிரியருக்குக் கைரேகை எடுக்கிறார்கள், பேஸ்மென்ட்டில் பாட்டு வகுப்பு எடுப்பவருக்கு யார் எடுத்தது? கதவு திறந்திருக்கட்டும், நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் எட்டிப்பாருங்கள். அதற்கு முகம் சுளிக்கும் வாத்தியார் வேண்டாம். "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு" என்று குழந்தையைத் தள்ளாதீர்கள், அது மாட்டேன் என்றால் மாட்டேன்தான். அம்மா அப்பாவிடம் சொல்லாதே என்று யாராவது ரகசியம் சொன்னால் அதை முதலில் எங்களிடம் வந்து சொல் என்று பழக்குங்கள், உடல் உறுப்புகளுக்கு உண்மையான பெயரைச் சொல்லிக்கொடுங்கள், சாட்சி சொல்லும்போது "பூ", "சோசோ" என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சொல் வந்து நாங்கள் படும் பாடு தனி.

குழந்தை ஏதாவது சொல்லிவிட்டால் நம்புங்கள். அப்புறம் வாயை மூடுங்கள். திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், வீடியோ எடுக்காதீர்கள், குளிப்பாட்டாதீர்கள், உடுப்பைத் துவைக்காதீர்கள். அந்த ஆளின் மனைவிக்கு முதல் போன் போடாதீர்கள். குழந்தையிடம் கேட்பதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள், ஒருமுறை உட்காரவைத்துக் கேட்பார்கள், நீங்கள் முந்திக்கொண்டு பத்து முறை கேட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் பிடித்துக்கொள்வேன்.

விசா பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: புகார் கொடுத்தவர் என்பதற்காக யாருடைய விசாவும் போகாது. பாதிக்கப்பட்டு விசாரணைக்கு உதவுகிறவர்களுக்கென்றே யு விசா என்று ஒன்று இருக்கிறது.

நியூ ஜெர்சியில் டாக்டரும் டீச்சரும் மட்டுமில்லை, குழந்தைக்குக் கொடுமை நடப்பதாகச் சந்தேகப்பட நியாயமான காரணம் உள்ள எவரும் சொல்லியே ஆகவேண்டும், தெரிந்தே சொல்லாமலிருப்பது குற்றம். பெயர் சொல்லாமலும் கூப்பிடலாம், நல்லெண்ணத்தோடு சொன்னவரைச் சட்டம் காப்பாற்றும். இதற்கான மாநிலப் புகார் எண் 1-877-652-2873. ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பார்கள். மன்றத்துத் தலைவரிடம் யோசனை கேட்டுவிட்டுக் கூப்பிடலாம் என்று இருக்காதீர்கள்.