ஆண்டவரிடம் 'ஏன்' என்று கேட்டால் குற்றமா?

துக்க வீட்டில் பெட்டி இன்னும் ஹாலில் இருக்கும்போதே யாராவது ஒருவர் அந்தத் தாயின் பக்கத்தில் குனிந்து, "கேள்வி கேக்காதீங்கம்மா. கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று சொல்லிவிடுவார். நல்ல மனதோடுதான் சொல்கிறார். அடக்கம் முடிந்ததும் அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். கேள்வி மட்டும் அந்த வீட்டிலேயே தங்கிவிடும். நாலைந்து மாதம் கழித்து அது தூக்கமின்மையாகவோ வயிற்றெரிச்சலாகவோ நெஞ்சுப் படபடப்பாகவோ அரசாங்க கிளினிக்கில் போய் நிற்கும். இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு சிலர் என்னிடம் வருகிறார்கள்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வேலை செய்யும் மனநல ஆலோசகர். 1998 ஆலோசகர் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவள். கிறிஸ்தவளும்கூட. என்னிடம் வருகிறவர்களில் எல்லா மதத்தினரும் உண்டு. இங்கே கிறிஸ்தவர்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். சின்ன ஊர், யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுகூட அடுத்த தெருவுக்குத் தெரிந்துவிடும்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். கடவுளிடம் கோபமாகக் கேள்வி கேட்கிறவர்களைப் பார்த்து எனக்குக் கவலை வருவதில்லை. கேட்கப் பயந்து அடக்கிக்கொள்கிறவர்களைப் பார்த்தால்தான் கவலை.

துக்க வீட்டில் சொல்லப்படும் அந்த வசனம் யோபு 1:21. பிள்ளைகளையும் சொத்தையும் ஒரே நாளில் இழந்து அதைச் சொன்ன அதே யோபு, இரண்டு அதிகாரம் தள்ளி, தான் பிறந்த நாளையே சபிக்கிறார். பிறக்கும்போதே நான் ஏன் சாகவில்லை என்று கேட்கிறார். அதற்கப்புறம் 31-ஆம் அதிகாரம் வரை வாக்குவாதம்தான். நண்பர்கள் மூவரும் கடவுள் பக்கம் நின்று, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று விடாமல் பேசுகிறார்கள். கடைசியில் கர்த்தர் யார்மேல் கோபப்படுகிறார்? "நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று அந்த நண்பர்களிடம் சொல்கிறார். யோபுவையும் சும்மா விடவில்லை, 38-ஆம் அதிகாரத்திலிருந்து கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுத் திணறடிக்கிறார், அதையும் மறைக்கக்கூடாது. ஆனால் பேச்சு அறுந்துபோகவில்லை. நாம்தான் முதல் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

இந்தப் பயம் வேதத்திலிருந்து மட்டும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்கள் ஜெபிப்பதைக் கவனியுங்கள். விடியுமுன் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், நின்றவர்கள் அவர்கள். துரையிடம் நேராகப் போய்ப் பேச முடியாது; மண்டோர் (மேஸ்திரி), கிராணி (எழுத்தர்) என்று படிப்படியாகத்தான் போகவேண்டும். அதுவும் கையைக் கட்டிக்கொண்டு, குறையைச் சொல்லுமுன் நாலு தடவை 'ஐயா' போட்டு. இருக்கிற வீடும் தோட்டத்து வீடு. ஏன் என்று கேட்டு வேலை போனால் வீடும் போய்விடும். அந்தப் பழக்கம் ஜெபத்திலும் ஒட்டிக்கொண்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தாயிற்று, பேரப்பிள்ளைகள் ஈப்போவில் வேலை பார்க்கிறார்கள். ஜெபம் மட்டும் இன்னும் ஆபீஸ் வாசலிலேயே நிற்கிறது.

இன்னொரு காரணம் நம் குடும்பங்களுக்குள்ளேயே இருக்கிறது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய 6 விழுக்காடுதான். அண்ணன் மாரியம்மன் கோயில் கமிட்டியில் இருப்பார், தங்கை சபையில் பாடுவார். இது நம் ஊரில் சாதாரணம். அந்தத் தங்கைக்கு ஒரு கஷ்டம் வந்தால், "மதம் மாறினாயே, என்னத்தைக் கண்டாய்?" என்று சொந்தக்காரர்கள் கேட்டுவிடுவார்களோ என்ற பதைப்பு. தான் கேள்வி கேட்டால் இயேசுவுக்கே அவமானம் என்று நினைத்து, சிரித்த முகத்தோடு 'தேவன் பார்த்துக்கொள்வார்' என்று சொல்லிக்கொண்டிருப்பார். சபையில் சொல்லலாம் என்றால், ஜெபக் குறிப்பாகச் சொன்னது ஞாயிறு பிரசங்கத்தில் உதாரணமாக வந்துவிடுமோ என்ற பயம். இந்தப் பயம் ஆதாரமில்லாதது என்று என்னால் சொல்ல முடியாது.

ஒப்பாரியையும் நாம் இழந்துவிட்டோம். நம் பாட்டிமார் செத்தவரையும் சாமியையும் எமனையும் ஒருசேர நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள், பாட்டாகவே. விசுவாசிகள் ஒப்பாரி வைக்கக்கூடாது என்று பல சபைகளில் நிறுத்திவிட்டார்கள். அதற்குக் காட்டும் வசனம் 1 தெசலோனிக்கேயர் 4:13. அங்கே பவுல் நம்பிக்கை இல்லாதவர்களைப்போல் துக்கப்படாதீர்கள் என்கிறார்; துக்கமே படாதீர்கள் என்று சொல்லவில்லை. சரி, ஒப்பாரியை எடுத்தோம், அந்த இடத்தில் என்ன வைத்தோம்? வேதத்தில் புலம்பல் என்றே ஒரு தனிப் புத்தகம் இருக்கிறது. 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு முறையீட்டுப் பாடல்கள் என்று வேத அறிஞர்கள் வகைப்படுத்துகிறார்கள். அவற்றை நம் ஆராதனையில் எத்தனை தடவை பாடுகிறோம்?

மகனை விபத்தில் இழந்த ஓர் அம்மா. காலை ஷிப்டுக்கு மோட்டாரில் போனவன்மேல் லோரி மோதியது. கல்யாணமாகாத பையன். என்னிடம் வந்தபோது அந்த அம்மா அழவில்லை. "ஆண்டவர் சித்தம், மிஸ்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். சங்கீதம் 13-ஐ எடுத்து அவரையே சத்தமாக வாசிக்கச் சொன்னேன். ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும். முதல் இரண்டு வசனத்திலேயே 'எதுவரைக்கும்' நாலு தடவை வந்துவிடும். மூன்றாவது 'எதுவரைக்கு'மில் நிறுத்தி, "இது பைபிள்லயா இருக்கு?" என்று கேட்டார். வருஷக்கணக்காக வேதம் வாசிப்பவர். வீட்டுக்குப் போய்த் தாவீது மாதிரி நீங்களும் எழுதுங்கள் அம்மா, யாரிடமும் காட்ட வேண்டாம் என்றேன்.

அடுத்த முறை அவராகவே நோட்டைக் காட்டினார். மகன் பாலிடெக்னிக்கில் எழுதிய நோட்டு, முன்பக்கங்களில் அவன் போட்ட சர்க்யூட் படங்கள். அம்மா பின்பக்கத்திலிருந்து எழுதியிருந்தார். முதல் பக்கம் முழுக்க 'ஸ்தோத்திரம் ஆண்டவரே.' இரண்டாம் பக்கமும் அப்படியே. மூன்றாம் பக்கத்தில், தாள் கிழிகிற அழுத்தத்தில்: 'அந்த லோரிக்காரனுக்கு அன்னைக்குப் பார்த்துத்தான் தூக்கம் வரணுமா? நீர் தூங்குகிறதில்லையே.' அதற்குக் கீழே, 'புள்ள ஜெபம் பண்ணிட்டுத்தானே போனான்.' அதற்கும் கீழே, 'இனிமே வீட்டு வாடகை யார் கட்டுறது?'

அந்தக் கேள்விகளுக்கு வானத்திலிருந்து பதில் வந்ததா என்றால், இல்லை. தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அவர் சொன்ன ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறேன்: "இப்பத்தான் அவர்கிட்ட பேசுறேன், மிஸ். அதுக்கு முன்ன சும்மா சொல்லிக்கிட்டிருந்தேன்."

இந்த முறையை நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: சங்கீதம் 13-இன் ஐந்தாம் வசனத்துக்குத் தாவாதீர்கள். அங்கேதான் தாவீது நம்பிக்கையைச் சொல்கிறார், நமக்கும் அங்கே போய்விட வேண்டும் என்று அவசரம் வரும். மனம் முதல் வசனத்தில் நின்றால் அங்கேயே நில்லுங்கள். சங்கீதம் 88 கடைசி வரி வரைக்கும் இருட்டாகவே முடிகிறது. அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

சிலர் ரோமர் 9:20-ஐக் காட்டுவார்கள்: தேவனோடு எதிர்த்துத் தர்க்கிக்க நீ யார்? பவுல் அதை எழுதுவது யாரைத் தெரிந்துகொள்வது என்பது தேவனுடைய உரிமை என்ற வாதத்தில். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்காக எழுதிய வரி அல்ல. அதே பவுல் தன் உடம்பில் இருந்த முள்ளை எடுக்கச் சொல்லி மூன்று தடவை கேட்டார். எடுக்கப்படவில்லை, ஆனால் கேட்டதற்காகத் திட்டும் வாங்கவில்லை. அப்படியானால் பிள்ளை பிறக்கும் என்று தேவதூதன் சொன்னபோது கேள்வி கேட்ட சகரியா ஏன் ஊமையானார், அப்படியே கேட்ட மரியாளுக்கு மட்டும் ஏன் விளக்கம் கிடைத்தது என்பார்கள். நல்ல கேள்விதான். நம்பாமல் கேட்டதால் என்று லூக்கா சொல்கிறார். எனக்குப் படுவது, நம்பாமல் கேட்டவருக்கும் வாக்குத்தத்தம் ரத்தாகவில்லை, அவருக்கு மகன் யோவான் பிறந்தார். வனாந்தரத்தில் தண்டனைக்கு ஆளான இஸ்ரவேலரோ தங்கள் கூடாரத்துக்குள் இருந்துகொண்டு கடவுளைப் பற்றி முறுமுறுத்தவர்கள். மோசே நேராகவே போய், "ஏன் என்னை அனுப்பினீர்?" என்று கேட்டார்.

எல்லாக் கேள்வியும் ஒன்றல்ல, அதையும் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளையின் அப்பா ஒருவர், 'நான் செய்த எந்தப் பாவத்துக்கு இது?' என்று வருஷக்கணக்காக ஜெபத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். அது அவர் மனதில் தானாக எழுந்த கேள்வி இல்லை, சொந்தக்காரர்கள் ஊன்றிய கேள்வி. யோவான் 9-இல் சீஷர்கள் இதையேதான் கேட்டார்கள்: குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம்? இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்று இயேசு அங்கேயே அதை முடித்துவிட்டார்.

அப்புறம், அடையாளம் கேட்பது. கண்ணை மூடி பைபிளைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்வது. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையை வைத்து முடிவெடுப்பது. மனநல மாத்திரை சாப்பிட்டு வந்த ஓர் இளைஞர் இப்படித் திறந்தபோது "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது, சமாதானத்தோடே போ" வந்தது. மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டார். சில வாரங்களில் மறுபடியும் ராத்திரி முழுக்கத் தூங்காமல் நடக்க ஆரம்பித்தார். தஞ்சோங் ரம்புத்தானில் 1911 முதல் பெரிய மனநல மருத்துவமனை இருக்கிறது; அந்த ஊர்ப் பெயரையே நாம் கேலிக்குப் பயன்படுத்திப் பழகிவிட்டதால், மாத்திரையை விடுவதைச் சாட்சி மாதிரி நினைக்கிறார்கள். மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தாதீர்கள். நோயில் கிடந்த எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தபோது 15 வருஷம் ஆயுள் கூட்டிக் கொடுத்தார் கர்த்தர். அப்படியும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையை எடுத்துப் புண்ணின்மேல் வைக்கச் சொன்னார். டயாலிசிஸுக்குப் போகிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் இதை ஒருமுறை வாசியுங்கள்.

'ஏன் என்னை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறீர்?' என்ற கேள்வி வந்தால், அதைத் தனியாக ஜெபித்துக்கொண்டு இருக்காதீர்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்டார். அவருக்குக் கிடைத்தது பிரசங்கம் இல்லை. தூக்கம், தழலில் சுட்ட அடை, தண்ணீர், மறுபடியும் தூக்கம். அதெல்லாம் முடிந்த பிறகுதான் 'இங்கே உனக்கு என்ன காரியம்?' என்ற விசாரணை. சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. மனக்கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்கும் பெஃப்ரெண்டர்ஸ் தொண்டு அமைப்பின் எண் 03-7627 2929. ஆபத்து உடனடி என்றால் 999. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை 2023-இல் நீக்கிவிட்டார்கள்; போலீஸ் பிடிக்கும் என்று பயந்து மறைக்க வேண்டியதில்லை.

கடைசியாக, ஆறுதல் சொல்லப் போகிறவர்களுக்கு. யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரை நன்றாகத்தான் செய்தார்கள். நீங்களும் உட்காருங்கள், 'ஏன்' என்று அழுகிறவரை அடக்காதீர்கள், பதிலும் சொல்லாதீர்கள். அதே சமயம், ஆண்டவரிடம் போகும் கேள்விகளுக்கு நடுவில் அரசாங்க ஆபீசுக்குப் போகவேண்டிய கேள்வியும் கலந்திருக்கும், அதைக் காதுகொடுத்துப் பிரித்தெடுங்கள். வீட்டு வாடகையை யார் கட்டுவது என்று அந்த அம்மா எழுதியிருந்தாரே, அப்படி. அவருடைய மகனுக்குச் சம்பளத்தில் பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா பிடித்திருந்தார்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழியில் நடந்த விபத்தும் வேலை விபத்துத் திட்டத்தில் வரும். மனைவி மக்கள் இல்லாதவர் இறந்தால் பெற்றோர் சார்ந்தோர் உதவித்தொகைக்கு மனு செய்யலாம். இது அவருக்குத் தெரியாது. ஜெபிக்க வந்த யாரும் சொல்லவுமில்லை. அடுத்த தடவை துக்க வீட்டுக்குப் போகும்போது, இறந்தவர் எங்கே வேலை செய்தார், எப்படி விபத்து நடந்தது என்று கேளுங்கள். போலீஸ் ரிப்போர்ட், இறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு ஆகியவற்றை நகல் எடுத்துக் கொடுத்து, பெர்கேசோ அலுவலகத்துக்கு அவர்களோடு கூடவே போய் வாருங்கள்.