டெஸ்ட் ஸ்ட்ரிப்பை முகத்தில் வையுங்கள்

"அம்மா இவ்வளவு சிவப்பு இல்லையே, தம்பி."

சிங்கப்பூர் தோ பாயோவிலிருந்து வந்த அக்கா ஒருவர், நான் இருட்டறையில் போட்டுக் கொடுத்த பிரிண்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது இது. அவருடைய அம்மாவை அந்தக் காலத்தில் ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளை நெகட்டிவ். வெள்ளைச் சேலை, அடர்ந்த கொண்டை. சாமி அறைப் பக்கத்தில் மாட்ட 8க்கு 10 அங்குலத்தில் கேட்டிருந்தார்.

தப்பு என்னுடையதுதான். டெஸ்ட் ஸ்ட்ரிப்பை, அதாவது எத்தனை விநாடி வெளிச்சம் கொடுப்பது என்று சோதித்துப் பார்க்கும் பேப்பர் துண்டை, சேலைமேல் வைத்து, சேலை எந்தக் கட்டத்தில் பளிச்சென்று வந்ததோ அந்த நேரத்தையே முழுப் படத்துக்கும் கொடுத்துவிட்டேன். வெளிச்சம் போதாமல் முகம் வெளுத்துப் போனது. போதாததற்கு, நெகட்டிவைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் கன்னத்தில் பென்சில் மினுமினுப்பு. அந்தக் கால ரீடச்சிங்காரர் நெகட்டிவில் தீட்டிய இடமெல்லாம் பிரிண்டில் வெளுப்பாகத்தான் விழும். அவர் கொஞ்சம் வெளுக்க வைத்தார், நான் மிச்சத்தை முடித்தேன்.

இப்போது நான் செய்வது வேறு. பேப்பரை இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டிக்கொள்கிறேன். ஐந்து துண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அதே கன்னத்தில் வைத்து 8, 11, 16, 22, 32 விநாடி கொடுக்கிறேன். ஒரே ஒரு நீளமான துண்டில் படிப்படியாக மூடிக்கொண்டு போனால் ஒரு கட்டம் நெற்றியிலும் இன்னொன்று தாடை நிழலிலும் விழும். எதை எதோடு ஒப்பிடுவது? 5, 10, 15 என்று ஏற்றுவதும் வேண்டாம். 5லிருந்து 10 போவது வெளிச்சத்தை இரட்டிப்பாக்கும், 20லிருந்து 25 போவது கால் பங்குதான் கூட்டும். முதல் கட்டங்கள் தாவும், கடைசிக் கட்டங்களில் வித்தியாசமே தெரியாது.

அப்புறம், நம் ஊர்த் தண்ணீர். பேப்பரில் படத்தை வரவழைக்கும் டெவலப்பருக்கு 20 டிகிரி என்று பாட்டிலில் போட்டிருக்கும். குழாயைத் திறந்தால் 28 வரும். சூட்டில் படம் சட்டென்று கறுக்கும், பதறிப்போய் முப்பது விநாடியில் எடுத்துவிடுவார்கள். எடுக்காதீர்கள். ஆர்சி பேப்பர் (பிளாஸ்டிக் பூசியது) என்றால் முழு ஒரு நிமிடம். கறுத்துப் போனால் அடுத்த முறை எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்சம் கொடுக்கும் நேரத்தை, குறையுங்கள். பாதியில் எடுத்த படத்தில் கறுப்பு கறுப்பாக இருக்காது, கறுத்த தோல் சாம்பல் பூசினாற்போல் ஆகிவிடும். ஐஸ் கட்டியைப் பையில் கட்டி டிரேயில் போட்டால் போதும்; நேரே கொட்டினால் டெவலப்பர் நீர்த்துவிடும்.

துண்டுகளை, படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸர் முடிந்ததும் வெள்ளை விளக்கில், காய வைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் பூசாத ஃபைபர் பேப்பர் காய்ந்தால் இன்னும் சற்றுக் கறுக்கும்.

இடத்தைப் பற்றியும் ஒன்று. புது வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு பாம் ஷெல்டர், அதாவது குண்டுத் தாக்குதலுக்கான காப்பறை, ஜன்னலில்லாமல் இருட்டாக இருப்பதைப் பார்த்தால் ஆசை வரும். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நிற்காதீர்கள். ஃபிக்ஸரிலிருந்து கிளம்பும் சல்ஃபர் டையாக்சைடு ஆஸ்துமாக்காரர்களைப் படுத்திவிடும். எக்ஸாஸ்ட் ஃபேன் உள்ள பாத்ரூமே மேல்.

அக்காவின் அம்மாவுக்கு 22 விநாடி சரியாக வந்தது. முகம் மாநிறத்துக்கு இறங்கியதும் சேலையின் மடிப்பும் கூடவே தெரிந்தது. ஆனால் கொண்டை பின்னணியோடு கலந்துவிட்டதால், கம்பியில் ஒட்டிய அட்டை வட்டத்தை அங்கே மட்டும் நான்கு விநாடி ஆட்டி வெளிச்சத்தை மறைத்தேன்.

புதுப் படத்தை அக்கா வெகுநேரம் பார்த்தார். "இது எங்கம்மா" என்றார். பிறகு பழைய பிரிண்டையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டார். தங்கச்சிக்கு அதுதான் பிடிக்குமாம்.